மரண சகாய சங்கம் கேபிள் போட்ட கதை

சுங்கை தெரத்தாய் தோட்ட முன்னாள் தொழிலாளர் மரண சகாய சங்கம் என்ற பெயரை மூச்சு வாங்காமல் சொல்லக்கூடியவர் அதன் தலைவர் அப்பளசாமி ஒருவர்தான். அதற்காகவே அவரைத் திரும்பத் திரும்பத் தலைவராகத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று சொல்கிறவர்களும் உண்டு.

தோட்டம் இன்னும் இருக்கிறது, பழைய ஆட்கள்தான் அங்கே இல்லை. ரப்பரை வெட்டி எண்ணெய்க்கான செம்பனை நட்டபோதே லயங்களை இடித்து, இருந்தவர்களைக் கோலா சிலாங்கூர் போகும் சாலையோரத்தில் மலிவு விலை அடுக்குமாடிக்கு ஏற்றிவிட்டார்கள். அந்த அடுக்குமாடியைக் கட்டியவர்கள் அதில் யாரும் சாகவே மாட்டார்கள் என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. பிணப்பெட்டி லிஃப்டில் நுழையாது. படிக்கட்டுத் திருப்பத்தில் திரும்பாது.

தொழிற்சாலை ஆட்களை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டுநர் அழகேசனுக்கு இது அனுபவத்தில் தெரியும். அவனுடைய அப்பா நாலாம் மாடியில் இறந்தபோது, பெட்டியை நிமிர்த்தி நிற்க வைத்துத்தான் கீழே இறக்க வேண்டியிருந்தது. வாழ்நாள் முழுக்கத் தோட்ட அலுவலகக் கிராணி முன்னால் கைகட்டி நின்றவர், செத்தும் நின்றபடியே படி இறங்கினார். அதைப் பார்த்த நாளிலிருந்து அழகேசனுக்கு ஒரே ஆசை. தோட்டத்து இடுகாட்டை ஒட்டி நிர்வாகம் சங்கத்துக்குக் கொடுத்த துண்டு நிலத்தில் ஒரு மண்டபம் வேண்டும். அதில் ஒரு ஐஸ் பெட்டி வேண்டும். செத்தவர்கள் மரியாதையாகப் படுத்திருக்க வேண்டும்.

மண்டபம் எழும்பியது. 'இறுதி மரியாதை மண்டபம்' என்று பெயரும் வைத்தாயிற்று. ஐஸ் பெட்டியும் வந்து இறங்கியது. அதற்குப் பிறகுதான், அழகேசன் ஒரு பொதுக்கூட்டத்தில் எழுந்து, "கரண்டு எங்கேர்ந்து வரும்?" என்று கேட்டான்.

இந்தச் சங்கத்தில் கேள்வி கேட்கிறவன் தலையிலேயே வேலை விழும். அன்றைக்கே கேபிள் துணைக்குழு அமைந்தது. அழகேசன் அதன் அமைப்பாளரானான்.

கரண்டு மெயின் ரோட்டிலிருந்து வர வேண்டும். நடுவில் செம்பனைக் காடு. கம்பம் நட்டுக் கம்பி இழுக்கலாம் என்றால் தோட்ட நிர்வாகி ஒப்புக்கொள்ளவில்லை. குலை வெட்டுகிறவர்கள் நீண்ட அலுமினியக் கோலில் அரிவாளைக் கட்டிக்கொண்டு திரிகிறார்கள், கோல் கம்பியில் பட்டால் உங்கள் மண்டபத்தில் முதலில் படுக்கிறவர்கள் அவர்களாகத்தான் இருப்பார்கள் என்றார். ஆகவே கேபிள் மண்ணுக்கடியில்தான் போயாக வேண்டும்.

தஞ்சோங் காராங்கிலிருந்து லோகேஸ்வரி என்ற பெண் வந்தாள். லைசென்ஸ் வைத்திருக்கும் மின்பணியாளர். சொந்த வேன், இரண்டு கைப்பேசி, இரண்டிலும் ஆட்கள் காத்திருப்பார்கள். மெயின் ரோட்டிலிருந்து மண்டபம் வரை நடந்து அளந்துவிட்டு, காலணியில் அப்பிய சேற்றை ஒரு குச்சியால் சுரண்டியபடியே சொன்னாள்:

"எழுபது எம்எம் கேபிள் போடுங்கண்ணே."

"பத்து போட்டா எரிஞ்சிருமா தங்கச்சி?"

"எரியாது. உங்க லோடுக்குப் பத்து தாங்கும். ஆனா தூரத்துக்குத் தாங்காது. அதுதான் விஷயம். நீளமா போகப் போக வோல்டேஜ் வழியிலேயே கொஞ்சம் கொஞ்சமா செத்துக்கிட்டே வரும். ரோட்டுல இருநூத்தி முப்பது ஏறுச்சுன்னா மண்டபத்துல நூத்தி எண்பது, தொண்ணூறுதான் இறங்கும். லைட்டு மங்கலா எரியும், பரவால்ல. ஐஸ் பெட்டி ஸ்டார்ட் எடுக்கறப்ப ஒரே இழுப்பா இழுக்கும். அப்ப வோல்டேஜ் பத்தலைன்னா முனகிட்டு நின்னுரும். தடியா போட்டா வழியில இழப்பு கம்மி."

அழகேசனுக்கு முக்கால்வாசி புரிந்தது. புரியாத கால்வாசியை மனப்பாடம் செய்துகொண்டான்.

செயற்குழுக் கூட்டம் குத்துவிளக்கேற்றித் தொடங்கியது. மறைந்த உறுப்பினர்களுக்கு மௌன அஞ்சலி. மரண சகாய சங்கம் என்பதால் அது மற்ற சங்கங்களைவிடச் சற்று நீளம். பிறகு வரவேற்புரை. பிறகு வரவேற்புரைக்கு நன்றியுரை. அமைப்பாளருக்குப் பொன்னாடை. எல்லாம் முடிந்ததும் நேரமின்மை காரணமாகச் சுருக்கமாகப் பேசுமாறு அழகேசன் கேட்டுக்கொள்ளப்பட்டான்.

"வோல்டேஜ் வீழ்ச்சி அதிகமா இருக்குங்களாம்..." என்று ஆரம்பித்தான்.

செயலாளர் பாலகிருஷ்ணன் கையை உயர்த்தினார். தமிழ்ப்பள்ளியில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். தப்பான சொல் காதில் விழுந்தால் பல் கூசுகிறவர்.

"வீழ்ச்சி என்ற சொல் நமது கூட்டக் குறிப்பில் இடம்பெறலாமா என்று தலைவர்தான் சொல்ல வேண்டும்."

தலைவர் அப்பளசாமி எழுந்தார்.

"நான் தலைவரான நாள்லேர்ந்து இந்தச் சங்கத்துல வீழ்ச்சின்னு ஒண்ணு கிடையாது. உறுப்பினர் எண்ணிக்கை குறைஞ்சிருக்கு, மறுக்கல. ஆனா அது வீழ்ச்சி இல்ல. நம்ம சேவை அத்தனை பேருக்குப் போய்ச் சேர்ந்திருக்குங்கறதுக்கு அதுதான் அத்தாட்சி!"

கைதட்டல் அடங்கியபின், 'மின்னழுத்த வீழ்ச்சி' என்பது நீக்கப்பட்டு 'மின்னழுத்தப் பணிவு' என்று குறிக்கப்பட்டது. மின்சாரம் தூரத்திலிருந்து வருவதால் மண்டபத்துக்குள் சற்றுப் பணிவோடு நுழைகிறது. அதில் தவறு காண்பதற்கு எதுவும் இல்லை என்று பலரும் கருதினார்கள்.

தவறு கண்டவர் பொருளாளர் சன்னாசி. தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கிய பழைய மண்டோர். அடுக்குமாடியில் அழகேசனுக்கு எதிர்வீடு. சங்கத்துப் பணம் என்றால் தன் உடம்பில் ஓடும் ரத்தம் மாதிரிக் காப்பவர்.

"எழுபதா? செத்தவனுக்கு எதுக்குடா இவ்ளோ தடி கேபிளு? பத்து போதும். சங்கத்துக் காசு மண்ணுக்குள்ள போக நான் விடமாட்டேன்."

"மண்ணுக்குள்ள போறதுக்குத்தானே மாமா சங்கமே வெச்சிருக்கு" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. யார் என்று கடைசிவரை தெரியவில்லை.

"மாமா, பெட்டி குளிராதாம் மாமா" என்றான் அழகேசன்.

"நாம என்ன ஐஸ் கச்சானா விக்கப் போறோம்? கொஞ்சம் குளிர்ந்தா போதும் லா."

கேபிளின் தடிமன் வாக்கெடுப்புக்கு விடப்பட்டது. எழுபதுக்குப் பாதிப்பேர், பத்துக்குப் பாதிப்பேர். தலைவர் இரு தரப்பையும் அரவணைத்து, இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்து, நாற்பது எம்எம் என்று தீர்ப்பளித்தார். அழகேசன் அங்கிருந்தபடியே லோகேஸ்வரியை அழைத்தான்.

"நாப்பதுன்னு கடையில கிடையாதுண்ணே. முப்பத்தஞ்சு இருக்கு, அதுக்கு மேல அம்பது. அம்பதே உங்களுக்குப் பத்தாது."

அழகேசன் அதை அவைக்குச் சொன்னான். தலைவர் வருத்தத்தோடு தலையசைத்தார்.

"ஜனநாயக முறையில நாம முடிவு பண்ணின சைஸை ஒரு கம்பெனி செய்யலைன்னா, அது கம்பெனியோட குறை. நாம ஏன் மாத்திக்கணும்?"

கம்பெனி தன் குறையை உணரட்டும் என்று சிறிது காலம் காத்திருந்தார்கள். அது உணர்கிற வழியாகத் தெரியவில்லை. பிறகு, மற்றவர்கள் எப்படிப் போட்டிருக்கிறார்கள் என்று நேரில் கண்டறிய ஓர் ஆய்வுப் பயணம் ஏற்பாடாயிற்று. சுங்கை பெசாரில் ஒரு மண்டபத்துக்கு நிலத்தடிக் கேபிள் போட்டிருப்பதாகக் கேள்வி. அழகேசனின் வேனில் செயற்குழு முழுவதும் ஏறியது. வயல்களைப் பார்த்துக்கொண்டே போனார்கள். மண்டபக் காவலாளி வாசலில் ஒரு புல்தரையைக் காட்டினார்.

"இதுக்கு அடியில போகுதுங்க."

எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். செயலாளர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"ஒண்ணும் தெரியலையே" என்றான் அழகேசன்.

"தெரியலைன்னா நல்லா போட்டிருக்காங்கன்னு அர்த்தம்" என்றார் தலைவர். "நம்மளதும் இதே மாதிரி தெரியாம இருக்கணும். எழுதிக்குங்க."

புல்லின் மேல் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். பிறகு கடையில் இறால் மீ நூடுல்ஸ் சாப்பிட்டார்கள். சன்னாசி மட்டும் சங்கத்துச் செலவில் சாப்பிட மறுத்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த எலுமிச்சைச் சோற்றை வேனிலேயே உட்கார்ந்து தின்றார். அழகேசனும் தன் தட்டைத் தூக்கிக்கொண்டு அவருக்குத் துணையாகப் போய் உட்கார்ந்தான்.

"ஏன் மாமா இவ்ளோ புடிவாதம்?"

"டேய் அழகேசா, இந்தக் காசெல்லாம் யாரு போட்டது? ரப்பர் பால் வெட்டினவ, புல்லு வெட்டினவ. அவ ஒவ்வொரு வெள்ளிக் காசா என் கையில குடுத்தப்ப நான்தான் வாங்கினேன். இவனுங்க கையில குடுத்தா கேபிளை விட்டுட்டு கேபிளுக்குத் திறப்பு விழா பண்ணுவானுங்க."

அவர் சொன்னதில் தவறில்லை என்று அழகேசனுக்குப் பட்டது. ஆனால் படிக்கட்டில் நின்றபடி இறங்கிய அப்பாவின் நினைப்பும் போகவில்லை.

கடைசியில் வழி கண்டுபிடித்தவர் தலைவரேதான். கேபிளை உபயமாக வாங்கலாம். விருப்பமுள்ள குடும்பம் ஆளுக்குச் சில மீட்டர் எழுபது எம்எம் வாங்கிக் கொடுக்கட்டும். உபயதாரர் கிடைக்காத இடத்தில் சங்கம் பத்து எம்எம் போட்டு நிரப்பும். தடித்த கட்சிக்கும் திருப்தி, ஒல்லிக் கட்சிக்கும் திருப்தி. அழகேசன் மறுபடி லோகேஸ்வரிக்குப் போன் அடித்தான்.

"அண்ணே, நடுவுல எங்க ஒல்லியா இருந்தாலும் இழப்பு அங்க ஆயிரும்ணே. அதுவும் அத்தனை ஜாயின்ட்டு, ஈர மண்ணுல? நான் ரோட்டோர மீட்டர் பெட்டியோட நின்னுக்கறேன். மீட்டர் வரைக்கும் என் கையெழுத்து. அதுக்கப்புறம் உங்க தலையெழுத்து."

கேபிள் துண்டுகளுக்கு ஒட்டுப் போடும் பொறுப்பை ஏர்கோன் மாட்டும் வேலை பார்க்கும் தலைவரின் அக்காள் மகன் திலீப் ஏற்றுக்கொண்டான். உபயதாரர் பெயர் எங்கே எழுதுவது என்பதுதான் பெரிய பிரச்சினையாக இருந்தது. கேபிள் மண்ணுக்குள். ஆகவே பள்ளத்தை மூடியபின் மேலே ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு சிமெண்டுக் கல் நட்டு, அதில் குடும்பத் தலைவரின் பெயரைக் கறுப்பு எழுத்தில் பொறித்தார்கள். இடுகாட்டுக்குப் போகும் பாதை நெடுகக் கற்கள் நின்றன. மோட்டார் சைக்கிளில் போகிற தோட்டத்து ஆட்கள் வேகத்தைக் குறைத்துத் தலையைத் தாழ்த்திப் போனார்கள். ஒரு கல்லின் கீழ் யாரோ பூ வைத்திருந்தார்கள். ராவாங்கிலிருந்து தன் பெயரைப் பார்க்க ஆவலோடு வந்த ஓர் உபயதாரர், காரை விட்டு இறங்காமலே திரும்பிப் போய், இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்தார்.

ஒட்டு வேலை இழுத்துக்கொண்டே போனது. அதற்குள் மண்டபம் முழுமையடையவில்லையே என்ற கவலையில் செயற்குழு ஒரு சுற்றறிக்கையை வாட்ஸ்அப் புலனத்தில் அனுப்பியது. மின் இணைப்பு முடியும்வரை உறுப்பினர்கள் தங்கள் மரணத்தை இயன்றவரை ஒத்திவைத்து ஒத்துழைக்குமாறு அதில் கேட்டுக்கொள்ளப்பட்டிருந்தது. ஏற்கெனவே மருத்துவமனையில் இருப்பவர்களுக்கும் இது பொருந்துமா என்று ஒருவர் கேட்டார். அவர்களுடைய நிலைமை தனித்தனியாகப் பரிசீலிக்கப்படும் என்று செயலாளர் பதில் போட்டார்.

திறப்பு விழா சிறப்பாக நடந்தது. தலைவர் சுவிட்சைத் தட்டினார். ஒரே ஒரு விளக்கு எரிந்தது. திலீப் வோல்ட் மீட்டரை வைத்துப் பார்த்து, "இருநூத்தி இருபத்தெட்டு!" என்று கத்தினான்.

"எங்கய்யா வீழ்ச்சி?" என்று தலைவர் மைக்கில் கேட்டார். தடை செய்யப்பட்ட சொல்லைத் தாமே உச்சரித்துவிட்டதை அந்த மகிழ்ச்சியில் யாரும் குறித்துக்கொள்ளவில்லை. ஒரு விளக்கு மட்டும் எரியும்போது வீழ்ச்சி தெரியாது, பளு ஏறினால்தான் தெரியும் என்று லோகேஸ்வரி முன்பொருமுறை சொன்னது அழகேசன் நினைவுக்கு வந்தது. ஆனால் கேள்வி கேட்டால் வேறொரு துணைக்குழுவுக்கு அமைப்பாளராகிவிடுவோமோ என்று பயந்து வாயை மூடிக்கொண்டான்.

மண்டபத்துக்கு முதலில் வந்தவர் சன்னாசி.

காலையில் பசியாறிவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அவர் மனைவி வேலம்மா கதவைத் தட்டியபோது அழகேசன் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். ஆம்புலன்ஸ் வந்து, மருத்துவமனைக்குப் போய், மறுநாள் அங்கிருந்து நேராக மண்டபத்துக்குக் கொண்டுவந்தார்கள். பெட்டி எங்கேயும் நிமிரவில்லை, எங்கேயும் இடிக்கவில்லை. படுத்தபடி உள்ளே போனார். அந்த மட்டில் அழகேசனுக்கு நெஞ்சு நிறைந்து அழுகை வந்தது.

ஒரே மகள் நித்தியா கூச்சிங்கிலிருந்து வர வேண்டும். விமானம் இறங்கி அவள் வந்து சேர மாலையாகும். அதுவரை அப்பாவை வைத்திருக்க வேண்டும். வெளியே வெயில் கொளுத்தியது.

சங்கமோ தன் பொருளாளரை எளிமையாக அனுப்பி வைக்கத் தயாராக இல்லை. இரண்டு ஏர்கோனையும் போட்டார்கள். பெரிய விசிறிகள் சுழன்றன. விளக்கெல்லாம் எரிந்தது. பின்கட்டில் காப்பித் தண்ணீருக்கு மின்கொதிகலம். ஆள் உயர ஒலிபெருக்கிகள் இரண்டு வாடகைக்கு வந்தன. தலைவர் மைக்கைப் பிடித்தார்.

"அன்னாரை இழந்து தவிக்கும்..."

விளக்குகள் மங்கின. ஐஸ் பெட்டி ஒரு முறை முனகிவிட்டு நின்றது.

வேலம்மா பெட்டியின் கண்ணாடிமேல் கையை வைத்தாள்.

"அழகேசா, சில்லுன்னு இல்லையேப்பா."

அழகேசன் திலீப்பைத் தேடினான். காணோம். லோகேஸ்வரியை அழைத்தான். அவள் சுருக்கமாக முடித்தாள்.

"குறைங்கண்ணே. பெட்டி தானா ஸ்டார்ட் எடுக்கற வரைக்கும் ஒவ்வொண்ணா குறைச்சுக்கிட்டே வாங்க."

அவன் ஏர்கோன்களை அணைத்தான். பெட்டி முனகியது, நின்றது. கொதிகலத்தைப் பிடுங்கினான். முனகியது, நின்றது. விளக்குகளையும் விசிறிகளையும் அணைத்தான். தலைவர் குரலை உயர்த்தி "வள்ளல்!" என்றபோது ஒலிபெருக்கி இழுத்த இழுப்பில் முனகல் பாதியிலேயே செத்தது. மிச்சம் இருந்தது ஒலிபெருக்கிதான்.

அழகேசன் ஒலிபெருக்கியின் பிளக்கருகே போய் நின்றான். தலைவரைப் பார்த்தான். பெட்டிக்குள் இருந்தவரைப் பார்த்தான். குனிந்து பிடுங்கினான்.

தலைவரின் உதடுகள் இன்னும் சிறிது நேரம் அசைந்துகொண்டிருந்தன. சிறிது பொறுத்து பெட்டி ஒரு தடவை உறுமி, உதறி, நிதானமாக ஓட ஆரம்பித்தது.

மண்டபத்தில் வேறு சத்தமே இல்லை. என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. பேச்சு கேட்டுப் பழகிய கூட்டம். பிறகு ஒவ்வொருவராக நாற்காலியை விட்டு எழுந்து பெட்டியைச் சுற்றி வந்து நின்றார்கள். வேலம்மா புருஷனின் முகத்தைப் பார்த்துச் சாதாரணமாகப் பேசுகிற குரலில் பேசினாள். எல்லாருக்கும் கேட்டது.

"வீட்டுல ஃபேனை ரெண்டாம் நம்பருக்கு மேல வெக்க விடமாட்டீங்களே. இப்பப் பாருங்க, வந்த கரண்டு மொத்தமும் உங்களுக்கே."

யாரோ சிரித்தார்கள். சிரித்தவரே அழுதார். அப்புறம் ஒருத்தி, தனக்குப் பிரசவ வலி எடுத்தபோது சன்னாசி தன்னைத் தோளில் சாய்த்துச் சாலை வரை நடத்திக் கூட்டிப்போனதைச் சொன்னாள். இன்னொருவர் அவரிடம் வாங்கிய அறையைச் சொன்னார். மாலையில் நித்தியா வந்து கண்ணாடியில் கன்னத்தை வைத்தபோது அது குளிர்ந்திருந்தது.

அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் வேலம்மாவைப் பொருளாளராக நியமித்தார்கள். வரவேற்புரைக்குக்கூடப் பொறுக்காமல் தலைவர் எழுந்தார். முகம் சிவந்திருந்தது.

"இந்த மண்டபத்துல அன்னிக்கு ஒரு மனுசனுக்கு அநியாயம் நடந்துச்சு. நான் ராத்திரி பூரா முழிச்சு எழுதின உரை, முதல் பக்கத்தோட நின்னுபோச்சு! இனிமே இப்படி யாருக்கும் நடக்கக்கூடாது. எழுபது எம்எம் போடணும். முழுசா. ஒட்டு இல்லாம. உடனே!"

"எதிர்காலப் பேச்சாளர்களைக் கருத்தில் கொண்டு தொண்ணூற்றைந்தாகவே போட்டுவிடலாம்" என்றார் செயலாளர்.

இரண்டு கட்சியும் தலையாட்டியது. இத்தனை நாள் இழுத்த விஷயம் இத்தனை சீக்கிரம் முடிவதைக் கண்டு அழகேசன் திகைத்துப் போனான்.

"எதிர்ப்பவர்கள் யாரும் உண்டா?" என்று வழக்கம்போல் செயலாளர் கேட்டார்.

அழகேசனின் கை உயர்ந்தது. அவனுக்கே அது ஆச்சரியமாக இருந்தது.

"என்னப்பா, நீதானே எழுபது எழுபதுன்னு உயிரை வாங்கினே?" என்றார் தலைவர்.

"ஆமாங்க தலைவரே. இப்ப வேணாம்னு தோணுது."

வேலம்மாவும் கையைத் தூக்கினாள்.

"உங்களுக்குமா? தடியா போட்டா பெட்டியும் ஓடும், மைக்கும் ஓடும்மா!"

"அதுதாங்க பயமா இருக்கு" என்றாள் வேலம்மா.

முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர், "எனக்கும் அந்தப் பழைய கேபிளே போதும்பா" என்று கையை உயர்த்தினார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் உயர்த்தினார். பின்வரிசை முழுவதும் உயர்ந்தது. செயலாளர் எண்ணத் தொடங்கி, பாதியில் நிறுத்தி, சற்றுத் தயங்கி, தன் கையையும் தூக்கினார்.

வேலம்மா தலைவரைப் பார்த்துக் கேட்டாள்.

"நீங்க சொல்லுங்க தலைவரே. உங்களுக்குன்னு வர்ற அன்னிக்கு, பெட்டி ஓடணுமா, மைக்கு ஓடணுமா?"

அப்பளசாமி வாயைத் திறந்தார். மூடினார். யோசித்தார். அவர் அவ்வளவு நேரம் பேசாமல் நின்றதை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை.